கூருக்கு மேலே கால் மில்லிமீட்டர்

சமையல் கத்தி என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன எஃகு?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு கனம் என்பது. இரண்டாவது, துவைச்சல், அதாவது காய்ச்சிய அலகைச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ இறக்கிக் கெட்டிப்படுத்துவது, எப்படிக் கொடுத்தார்கள் என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி, பத்தாயிரம் ரூபாய் கத்திக்குப் பக்கத்தில் கூசாமல் உட்காரும். இரண்டும் சொதப்பினால் எந்த ஊர் எஃகும் சேனைக்கிழங்கின் நடுவில் சிக்கி நிற்கும்.

அளந்து பாருங்கள். டிஜிட்டல் காலிப்பர் ஒன்று போதும். கூரிலிருந்து 1 மி.மீ. மேலே, 10 மி.மீ. மேலே, முதுகு என மூன்று இடத்தில் அளவெடுக்க வேண்டும். காலிப்பரின் மெல்லிய நுனியால் மேலிருந்து அளக்கணும். கூரை அதன் தாடையில் இழுத்தால் கத்தியும் கெடும், காலிப்பரும் கெடும். கியூட்டோ (பொதுச் சமையல் கத்தி), நகிரி (காய்கறிக் கத்தி) போன்ற நல்ல ஜப்பானிய வகைகளில் கூருக்கு மேலே 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கும். ஜெர்மன் பாணிக் கத்திகள் அதைவிடக் கனமாக, அரை மில்லியை ஒட்டி வரும். நம் பட்டறைக் கத்திகளில் 1 மி.மீ. வந்தாலும் ஆச்சரியமில்லை, ஏனென்றால் அவை அருவாளின் தம்பிகள். அருவாள் பிளக்கப் பிறந்தது. கேரட்டில் வைத்து அழுத்தினால் "டொக்" என்று கேட்கிறதே, அது வெட்டும் சத்தம் இல்லை. கத்தி ஆப்பு போல இறங்க, அதற்கு முன்னாலேயே கேரட் தானாகப் பிளந்துகொள்ளும் சத்தம். கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கனமான அலகு இதைத்தான் செய்யும்.

45 மி.மீ. அகலமும் 2 மி.மீ. முதுகும் உள்ள கத்தியை, கூருக்கு மேலே 0.25 வரை நேர்ச்சரிவாக இறக்கினால், 10 மி.மீ. உயரத்தில் கனம் ஏறக்குறைய 0.64 மி.மீ. வரும். நம் காய்கறிக்கு இது போதும். இன்னும் மெல்லிதாக்கினால் வெங்காயத்துக்குச் சுகம், பூசணிக்காய்க்கு ஆபத்து.

எஃகைப் பற்றியும் சொல்லிவிடலாம், கேட்காமல் விடமாட்டீர்கள். ஜெர்மன் கத்திகளில் பரவலாக இருப்பது 1.4116 என்ற எண் கொண்ட எவர்சில்வர் எஃகு. கரி (கார்பன்) சுமார் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதத்தை ஒட்டி. கெட்டித்தன்மை ராக்வெல் சி அளவில் 55 முதல் 58 வரை. துருப்பிடிக்காது, கீழே விழுந்தாலும் தாங்கும், கூர் சீக்கிரம் மடங்கும். ஜப்பானில் ஷிரோகாமி எனப்படும் வெள்ளைத்தாள் எஃகில் கரி ஒரு சதவீதத்துக்கு மேல், வேறு சேர்மானம் அநேகமாக இல்லை. 60க்கு மேல் கெட்டிப்படும், கல்லில் வெண்ணெய் போலத் தீட்ட வரும், ஈரத்தோடு வைத்தால் சாப்பாடு முடிவதற்குள் துருவேறும். அஓகாமி என்ற நீலத்தாளில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் கூடுதல். கூர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். வி.ஜி-10 என்ற ஜப்பானிய எஃகு, ஜெர்மன் எஃகுக்கும் இந்தத் தாள் எஃகுகளுக்கும் நடுவில்: ஒரு சதவீதக் கரி, 15 சதவீதக் குரோமியம். துருவுக்குப் பயம் குறைவு, ஆனால் தீட்டும்போது கூரில் எழும் மெல்லிய உலோக ஓரம், அதாவது பிசிர், விடாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வி.ஜி-10 கத்திகளின் பக்கவாட்டில் அலையலையாகத் தெரியும் 'டமாஸ்கஸ்' கோலம் பெரும்பாலும் வெறும் சட்டைதான். வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றைத் தகடு. கோலத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம், நகை வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேடிக்கை: பழைய டமாஸ்கஸ் வாள்களின் மூலப்பொருளாகச் சொல்லப்படும் மூசை உருக்கு, அதாவது மண்குடுவையில் உருக்கிய எஃகு, தென்னிந்தியச் சரக்கு. அதில் தெரிந்த கோலம் அடுக்கி ஒட்டியதால் வந்ததல்ல, எஃகுக்குள்ளேயே கரியும் இரும்பும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை கட்டியதால் வந்தது. மைக்கேல் ஃபாரடே 1819இல் உட்கார்ந்து ஆராய்ந்த 'வூட்ஸ்' இதுதான். இன்று கடையில் பார்க்கும் கோலத்துக்கும் அதற்கும் சொந்தபந்தம் கிடையாது.

இனி பட்டைக்கு வருவோம். மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் மானாமதுரைக்கு முன்னால் வரும் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் போனது. அங்கே மட்டுமில்லை, சுற்றியுள்ள பட்டறைகள் பலவற்றிலும் மூலப்பொருள் வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைதான். இதில் கரி ஏறக்குறைய 0.5 முதல் 0.65 சதவீதம், கூடவே சிலிக்கானோ குரோமியமோ. வெள்ளைத்தாள் அளவுக்குக் கெட்டிப்படாது, 57, 58 வரை கொண்டுவரலாம். அதற்குப் பதிலாக வளைந்து நிமிரும் குணம் உண்டு. முருங்கைக்காயும் நாட்டுக்கோழியும் ஒரே பலகையில் ஏறுகிற வீட்டுக்கு இது குறை இல்லை, வசதி.

பட்டறைக்குப் போய் "நல்ல கத்தியா ஒண்ணு அடிங்கண்ணே" என்றால் முன்னூறு கிராமில் குட்டி அருவாள்தான் கிடைக்கும். ஆசாரியைக் குற்றம் சொல்ல முடியாது, அவரிடம் வருகிறவர்கள் கேட்பது அதைத்தான். தகரத்தில் அச்சு வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள். அலகு நீளம் 180 மி.மீ., அகலம் 48, முதுகு பிடிப் பக்கம் 2.5, நுனிப் பக்கம் 1.5. கூர் வரி ஏறக்குறைய நேராக, கடைசி மூன்று விரற்கடையில் மட்டும் லேசாக மேலேறட்டும். பிடிக்குள் போகிற வால் 90 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலத்தில் தொடங்கி 6இல் முடியட்டும். மிக முக்கியமாக, துவைச்சலுக்கு முன் கூர் ஓரத்தை 0.8 முதல் 1 மி.மீ. கனத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அதற்குமேல் மெலிந்திருந்தால் எண்ணெயில் இறக்கும்போது அலைபோல நெளியும், அல்லது விரிசல் விடும்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், வருஷக்கணக்கில் குலுங்கிய சாமான் அது. வெட்டியெடுத்த துண்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். கோடு விழுந்த துண்டைத் தூரப் போடுங்கள். சிக்கனம் பார்க்கும் இடம் இது இல்லை.

துவைச்சலில்தான் பெரும்பாலான கத்திகள் பாழாகின்றன. பல பட்டறைகளில் கூர் ஓரத்தை மட்டும் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். அருவாளுக்கு அது ஒத்துவரும். மெல்லிய சமையல் கத்தி "டிங்" என்று ஒரு சத்தம் போடும், அத்தோடு கதை முடிந்தது. பட்டை எஃகுக்கு எண்ணெய்தான் சரி. பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம், அந்தப் புகையை யாரும் சுவாசிக்கக் கூடாது. நான்கைந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிக் கொடுங்கள். கை பொறுக்காத சூட்டுக்கு, 50, 60 டிகிரிக்கு, முதலில் காய்ச்சிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக நின்று சூட்டை மெதுவாக வாங்கும், கத்தி அரைகுறையாகக் கெட்டிப்படும். பக்கத்தில் ஒரு மூடி இருக்கட்டும், எண்ணெய் தீப்பிடித்தால் மூடத்தான். தண்ணீர் ஊற்றக் கூடாது.

சூடு பார்க்க ஒரு காந்தம் போதும். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேலும் கொஞ்சம், 830 டிகிரியை ஒட்டி, காய்ச்ச வேண்டும். நிறத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள் நிழலில் பார்க்கணும். உச்சி வெயிலில் செம்மஞ்சள் கூட மங்கலாகத் தெரியும், போதவில்லை என்று மேலும் காய்ச்சிவிடுவார்கள். அதிகம் காய்ந்த எஃகின் மணி, அதாவது உள்ளே இருக்கும் படிகத் துகள், பெருத்துவிடும். அதே பட்டையின் சின்னத் துண்டு ஒன்றை அதே சூட்டில் துவைத்து, வைஸில் வைத்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் மைதா போல நைசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சரி. சீனி போல மினுங்கினால் சூடு கூடிப்போச்சு. கத்தியைத் துவைப்பதற்கு முன் மூன்று தடவை காந்தம் விடும் வரை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் மணி மறுபடி பொடியாகும்.

துவைத்த கத்தி கண்ணாடி மாதிரி, கை தவறி விழுந்தால் உடையும். அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில், சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். பட்டறையில் இதை உலைச் சூட்டில் கண் அளவில் செய்வார்கள். கேக் சுடும் ஓ.டி.ஜி. அடுப்பு வீட்டில் இருந்தால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் மணல் பரப்பி அதில் கத்தியைப் புதைத்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். அடுப்பின் முள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று தேவை. அலகில் ஓர் இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு வைத்தால் வெளிர் வைக்கோல் நிறம் ஏறும். பழுப்பு என்றால் 260ஐ ஒட்டிப் போயிருக்கிறது, நீலம் என்றால் 300. நீலம் ஏறியது ஸ்பிரிங்குக்கு நல்லது, கத்திக்கு மெத்தென்று போய்விடும். அலகு கோணியிருந்தால் இரண்டாவது சுற்றுக்கு முன் கிளாம்பில் எதிர்ப்பக்கமாக லேசாக வளைத்துக் கட்டி அப்படியே அடுப்பில் வையுங்கள். ஆறிய கத்தியைச் சுத்தியலால் நிமிர்த்தப் போனால் இரண்டு கத்தி கிடைக்கும், இரண்டுக்கும் பாதி நீளம்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு நல்ல வழி பித்தளைக் கம்பி. 6 மி.மீ. கம்பியை வைஸில் பிடித்து, தீட்டிய கூரைச் சாய்த்து வைத்து மெல்ல அழுத்தினால் கூர் லேசாகப் பிதுங்குவது வெளிச்சத்தில் தெரியும். எடுத்ததும் நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்தல். பல் விழுந்தால் சூடு போதவில்லை, 215க்கு இன்னொரு சுற்று வையுங்கள். ஆனால் புதுக் கத்தியை முதல் தீட்டலிலேயே எடைபோடாதீர்கள். உலையில் மேல்தோலின் கரி எரிந்துபோயிருக்கும். இரண்டு மூன்று தடவை தீட்டி அந்தத் தோல் போன பிறகுதான் நிஜமான எஃகு வெளியே வரும்.

இப்போது மெலிக்கும் வேலை. கிரைண்டரில் ஐந்து நிமிடம், கையில் மூன்று நான்கு மணி நேரம். கையே மேல் என்பது என் கட்சி. கிரைண்டர் சக்கரத்தில் மெல்லிய ஓரம் கண் சிமிட்டும் நேரத்தில் நீலமாகும், அடுப்பில் செலவழித்த நான்கு மணி நேரமும் வீண். கிரைண்டர்தான் என்றால் கையுறை போடாமல் வெறும் கையால் பிடியுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள், விரல் சுட்டால் நிறுத்துங்கள்.

கைவேலைக்குத் தேவை ஒரு தட்டையான தளம். மதுரைக்குப் பக்கத்து மேலூர் கிரானைட்டுக்குப் பேர் போன ஊர் என்பதால் நமக்கு அதிர்ஷ்டம்; பாலிஷ் போட்ட துண்டுக்கல் எந்தக் கிரானைட் கடை வாசலிலும் கிடக்கும். அதன்மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீரிலேயே ஒட்டவைக்கலாம். 80, 120, 220, 400 என்று ஏறுங்கள், எண் கூடக் கூட நைசு. முதலில் கத்தியின் கூரைக் கல்லில் ஒரு தடவை குத்தாக இழுத்து மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்போது விரலைக் கேட்கும். அலகின் பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் பூசி, படுக்கப் போட்டு, விரல்களைக் கூருக்குப் பக்கமாக வைத்து அழுத்தித் தேயுங்கள். மை அழிந்த இடம் மேடு, மிச்சமுள்ள இடம் சுத்தியல் பள்ளம். பள்ளம் முழுவதையும் போக்கணும் என்று அடம் பிடிக்க வேண்டாம், முதுகுப் பக்கம் இருக்கிற பள்ளங்கள் உருளைக்கிழங்கு ஒட்டாமல் இருக்க உதவும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, காலிப்பர் 0.3 காட்டும் வரை. ஒரே பக்கம் தேய்த்தால் கத்தி வெட்டும்போது பக்கமாக இழுக்கும்.

தீட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான், அது சுலபமும் கூட. ஹார்டுவேர் கடையின் கறுப்பு இரட்டைக்கல்லில் நைசுப் பக்கம் கூடச் சமையல் கத்திக்குச் சொரசொரப்பு. கூரில் விழுந்த பல்லை எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கினால் வீட்டுக்குப் போதும். கோணம் 15 டிகிரி. கோணமானி வேண்டாம்: 45 மி.மீ. அகலக் கத்தியின் முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தால் அதுதான் 15. ஒல்லியான சுண்டுவிரல் கனம். 20 டிகிரிக்கு 15 மி.மீ. சொச்சம். ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிர் தட்டுப்படும் வரை நிறுத்தாதீர்கள். பிசிர் வராத இடத்தில் கூர் வரவில்லை, அவ்வளவுதான். மறுபக்கமும் அதே மாதிரி. பிறகு கத்தியின் எடையைவிடக் குறைந்த அழுத்தத்தில், கூர் முன்னே போகும்படி, மாற்றி மாற்றிப் பத்துத் தள்ளு. மிச்சப் பிசிரை மரக்கட்டையில் சுற்றிய தினத்தாளில் கூரைப் பின்னுக்கு இழுத்து எடுங்கள். "தீட்டின அன்னிக்கு நல்லா இருந்துச்சு, மறுநாள் மொக்கை" என்றால் அது கூரே இல்லை, நிமிர்ந்து நின்ற பிசிர்.

3000, 6000 கல் வாங்கத் துடிக்கிறவர்களுக்கு: பச்சை மீனைச் சீவிச் சாப்பிடுகிற ஊருக்கு அந்தப் பளபளப்பு. தக்காளித் தோல், கத்தரிக்காய்த் தோல், வாழைத்தண்டு நார் இவற்றில் 1000இல் நிறுத்திய கூர்தான் கடித்துப் பிடிக்கும். 6000 கூர் தோலின் மேல் சறுக்கும். மாறாக, முருங்கைக்காய் அதிகம் வெட்டும் வீட்டில் கடைசியாக 20 டிகிரியில் பக்கத்துக்கு மூன்று மெல்லிய தள்ளு கொடுத்துவிடுங்கள், கூருக்கு ஒரு குட்டிச் சட்டை போட்ட மாதிரி. கல் நடுவில் குழிந்தால் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கிரானைட் மேல் 120 வாட்டர் பேப்பரில் கோடு அழியும் வரை தேய்த்து மட்டமாக்குங்கள். குழிந்த கல்லில் எந்தக் கோணமும் நிற்காது.

பரிசோதனைக்குச் சின்ன வெங்காயத்தை மிஞ்சியது இல்லை. தோலோடு பலகையில் வைத்து, அழுத்தாமல் முன்னே தள்ளினால் தோல் வழுக்காமல் இறங்க வேண்டும். கண் எரிவதும் ஓர் அளவுகோல்: மழுங்கிய கத்தி திசுக்களை நசுக்கிக் கூடுதல் சாற்றையும் காரவாயுவையும் கிளப்பும். கறிவேப்பிலையைச் சுருட்டி நறுக்கிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், ஓரம் கறுத்தால் கத்தி வெட்டவில்லை, நசுக்கியிருக்கிறது.

பிடிக்கு மரம். ரோஸ்வுட் தேடி அலைய வேண்டியதில்லை. கண்மாய்க் கரை முழுக்க நிற்கும் சீமைக்கருவேலம் அருமையான பிடி மரம். கனமும் கெட்டியும் உண்டு, ஈரம் ஏறி இறங்கும்போது சுருங்கி விரிவது மற்ற பல மரங்களைவிடக் குறைவு. விறகாகவே பார்த்துப் பழகியதால் யாருக்கும் இது தெரிவதில்லை. நேரான கிளையில் வைரம் பாய்ந்த நடுப்பகுதியை 30 மி.மீ. சதுரமாக அறுத்து, இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தி உருக்கிப் பூசி நிழலில் வையுங்கள். மெழுகு இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து பிளக்கும். மாதம் ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இழைக்கும்போது மாஸ்க் போடுங்கள். லேசான பிடி வேண்டுமென்றால் பூவரசு.

அளவு: 130 மி.மீ. நீளம், 24 உயரம், 20 அகலம், நான்கு மூலையையும் 5 மி.மீ. சீவினால் எண்கோணம். முன்பக்கம் பித்தளைப் பூண் ஒன்று. துளைக்கு 5 மி.மீ. டிரில்லால் வரிசையாக இரண்டு மூன்று துளை போட்டு நடுவை ரம்பத் துண்டால் சுரண்டி எடுக்கலாம். பழைய முறையில் வாலைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்குவதானால் அலகில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் சூடு அலகுக்கு ஏறிப் பதம் போகும். ஒட்டுவதற்கு அரக்கும் செங்கல் பொடியும் அழகுதான், நாளைக்குச் சூடுகாட்டிக் கழற்றவும் முடியும். வெந்நீரில் கழுவுகிற வீட்டில் எபாக்ஸி பசை மேல். பசை பூசும் முன் வாலைச் சொரசொரப்பாகத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். பிடி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பிசுக்குதான். துளைக்குள் பசை நிறைந்து இடைவெளி இல்லாமல் இருக்கணும், தண்ணீர் புகுந்தால் வால் உள்ளிருந்தே துருவேறும். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். ஒட்டும் முன் சும்மா செருகி விரல்மேல் நிறுத்திப் பாருங்கள்: பூணுக்கு முன்னே இரண்டு விரற்கடையில் சமநிலை வந்தால் கைக்கு இதமாக இருக்கும். பின்னால் சாய்ந்தால் பிடியை இன்னும் இழையுங்கள்.

பிடிக்கு ஆளிவிதை எண்ணெய், இரண்டு நாள் இடைவெளியில் மூன்று பூச்சு. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சித்திரை வெயிலில் கசங்கிய துணி தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துப் போட்டுக் காயவைத்து எறியுங்கள். அலகுக்கு ஆளிவிதையும் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம், இரண்டும் நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, அதில் ஒரு சொட்டு போதும்.

புதுக் கரி எஃகு கத்தியால் வாழைப்பூ நறுக்கினால் பூவும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. கத்திக்கு அது நன்மை, அந்தச் சாம்பல் படலம் சிவப்புத் துருவைத் தள்ளிவைக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் கடுந்தேயிலைக் கஷாயத்தில் கொஞ்சம் வினிகர் விட்டு, சூட்டோடு பத்து நிமிடம் முக்கி எடுத்துக் கழுவுங்கள். படலம் பிடிக்கும் வரை புளி, மாங்காய் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இரும்பு வாடை குழம்பில் ஏறும்.

பலகை விஷயத்தில் கறிக்கடைக்காரர்கள் சொல்லாமல் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் கட்டை புளியமரம், அதுவும் அடிமரத்தைக் குறுக்கே அறுத்தது. நார் மேல்நோக்கி நிற்பதால் கூர் நார்களுக்கு நடுவே இறங்கி எழும். வீட்டுக்கு ஐந்து செ.மீ. கனத்தில் ஒரு வட்டம் அறுத்து வாங்கினால் பேரன் காலம் வரை வரும். கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ நறுக்கினால் இதுவரை சொன்னது எதற்கும் பலன் இல்லை. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் எஃகைவிடக் கெட்டி. தேங்காய் உடைக்கவும் ஆட்டெலும்பு தட்டவும் அருவாள் தனியாக இருக்கட்டும். தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் அருவாளையும் அரிவாள்மணையையும் கொடுங்கள். இந்தக் கத்தியைக் கொடுத்தாக வேண்டும் என்றால், "பொறி பறக்க வேண்டாம்ண்ணே, தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிங்க" என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.